எல்லாம் நார்மல் ஸார்!

மயிலாப்பூர் குளத்தங்கரையிலிருந்து அடையாறு டெப்போ வரை, மந்தைவெளியிலிருந்து பனகல் பார்க் வரை, எந்தக் கட்டடத்தில் எத்தனையாவது மாடியில் சுத்தமான டாய்லெட் இருக்கிறது, எதற்குச் சாவி வாங்க வேண்டும், எந்த வாட்ச்மேன் முறைப்பார், எவர் பார்த்தும் பார்க்காத மாதிரி விடுவார்... என்னை நடுராத்திரி எழுப்பிக் கேளுங்கள், சொல்கிறேன். பெருமைப்படுகிற விஷயமா என்றால், இல்லைதான். ஆனால் ஆறு வருஷ உழைப்பு ஸார். அதற்குள் சில பேர் சி.ஏ.வே முடித்துவிடுகிறார்கள்.

ஆமாம், இந்த வாரம் வயிற்றைப் பற்றி. டிபன் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் மட்டும் கையை அலம்பிவிட்டு வரவும்.

இந்த விஷயத்தைக் கூச்சப்படாமல் எழுத்தில் போட்ட மாவீரர் ஒருவர் இருக்கிறார். ஓகில் சந்திர சென். வங்காளத்துக்காரர். 1909-ல் ரயிலில் போகும்போது பலாப்பழம் அவர் வயிற்றில் வேலையைக் காட்டியது. அகமதுபூர் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் சொம்பும் கையுமாக இறங்கி ஒதுங்கினார். கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பு, மறு கையில் வேட்டி என்று ஓடி, விழுந்து, பிளாட்ஃபாரத்தில் ஆண், பெண் அத்தனை பேர் முன்னாலும் மானம் போனது. சாஹிப்கஞ்ச் ரயில்வே ஆபீசுக்குத் தன் சொந்த இங்கிலீஷில் ஒரு லெட்டர் போட்டார். அது இன்றைக்கும் டெல்லி ரயில்வே மியூசியத்தில் இருக்கிறது. ரயில் பெட்டிகளில் கக்கூஸ் வந்ததற்கே அந்த லெட்டர்தான் காரணம் என்பார்கள்.

நம் பறக்கும் ரயில் 1997-ல் திருமயிலை வரை வந்தது. அதில் கக்கூஸ் கிடையாது. சென் பாபு இல்லாத குறை.

என் கதை இருபத்தாறு வயதில் ஆரம்பம். ஒரு கல்யாண விருந்து. மறுநாள் ஜுரம், வயிற்றுப்போக்கு. மூன்று நாளில் சரியாகிவிட்டது. மாப்பிள்ளை, பெண்ணே அந்தக் கல்யாணத்தை மறந்திருப்பார்கள். என் வயிறு மட்டும் மறக்கவில்லை. நாலு நாள் ஒன்றுமே நடக்காது. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குள் நாலு தடவை. தொப்புளைச் சுற்றி ஒரு முறுக்கு. போய் வந்தால் அடங்கும். சாயங்காலம் ஆனால் வயிறு உப்பி, பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டும்.

தி.நகர் உஸ்மான் ரோடில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. அக்கவுன்ட்ஸ் பிரிவில் நல்ல வேலை. என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்களாம். கூப்பிட்டது எனக்கும் கேட்டது. மூன்று தடவையும். பதில் சொல்லக்கூடிய இடத்தில் நான் இல்லை. அந்த வேலை போனதால்தான் இன்றைக்கு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நஷ்டம் யாருக்கு என்பதை உங்கள் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன்.

வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறரை மணிக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து லேசாக வயிற்றைத் தடவிப் பாருங்கள். தலைவலித் தைலத்தில் சம்பாதித்த மனிதரின் பெயர் கொண்ட பூங்கா அல்லவா, வாக்கிங் வருகிற அத்தனை பேரும் பாதி டாக்டர். 'கடுக்காய்' என்றார் ஒருவர். 'வெந்நீர் நாலு டம்ளர்' என்றார் இன்னொருவர். 'கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையில லேகியம் வாங்குப்பா' என்றார் மூன்றாமவர். ஒரு ரிட்டையர்ட் போஸ்ட் மாஸ்டர் மட்டும் நிலாவரைப் பொடியைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார்.

நிலாவரை சாமானியம் இல்லை. வெளிநாட்டு மருந்துப் புத்தகங்களிலேயே அதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்று பெயர். அல்வாவுக்கும் திருநெல்வேலி, அதன் பின்விளைவுக்கும் திருநெல்வேலி. பெருங்குடலைத் தட்டி எழுப்பி வேலை வாங்குகிற சரக்கு. மலச்சிக்கல்காரர்களுக்கு நல்லதுதான். நான் அதைச் சாப்பிட்டது என் நாலு தடவை நாளுக்கு முந்தின ராத்திரி. மறுநாளை வர்ணிக்க இந்தப் பத்திரிகையில் இடம் தரமாட்டார்கள்.

பிறகு டெஸ்ட்டுகள். ரத்தம், மலம், தைராய்டு, சர்க்கரை, ஸ்கேன். ஒவ்வொரு கவரையும் பிரித்து, "எல்லாம் நார்மல் ஸார், டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பினார்கள். அம்மா நிம்மதியாகிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அவனுக்கு ஒண்ணுமில்லையாம், எல்லாம் மனசுதான் காரணமாம்" என்று காபியோடு சேர்த்துக் கொடுத்தாள். ஒன்றுமில்லாதவன் ஏன் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டுகிறேன்?

கடைசியில் அடையாறில் ஒரு வயிற்று டாக்டர். நரைத்த தலை. கவர்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, "என்ன படிச்சிருக்கீங்க?" என்றார்.

"பி.காம்."

"அப்ப சுலபம். ஒரு கவர்ன்மென்ட் ஆபீஸ். கட்டடம் ஸ்ட்ராங். பெயின்ட் புதுசு. மேஜை, நாற்காலி எண்ணிக்கை சரி. ஸ்கேன் பார்க்கிறது இதைத்தான். ஆனா ஃபைல் நகருதா?"

"நாலு நாள் நகராது ஸார். ஐந்தாம் நாள் எல்லா ஃபைலும் ஒண்ணா வந்துடும்."

"அதுதான் உங்க வியாதி. கட்டடத்துல கோளாறு இல்லை. ஃபைல் நகர்ற வேகத்துல கோளாறு."

ஆறு வருஷத்தில் முதல் முறையாக ஒருவர் எனக்கு வியாதி இருப்பதாகச் சொன்னார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சுருக்கித் தருகிறேன்.

சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர், பெருங்குடல் ஒன்றரை மீட்டர். உணவு இதில் தானாக உருண்டு போவதில்லை. பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, குடல்தான் அதைத் தள்ளுகிறது. லண்டனில் பேய்லிஸ், ஸ்டார்லிங் என்று இரண்டு பேர் 1899-ல் ஒரு நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வருகிற நரம்புகளையெல்லாம் துண்டித்துப் பார்த்தார்கள். குடல் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது! அதாவது ஹெட் ஆபீஸ் டெலிபோன் ஒயரை அறுத்தாலும் பிராஞ்ச் நடக்கிறது. காரணம், குடல் சுவருக்குள்ளேயே பத்து கோடிக்கு மேல் நரம்பு செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் ஹெட் ஆபீசோடு, அதாவது மூளையோடு, தினசரி கடிதப் போக்குவரத்து உண்டு. அதனால்தான் இன்டர்வியூ அன்றைக்குக் குடலும் இன்டர்வியூவுக்கு வருகிறது. டென்ஷன் பிரச்னையைக் கூட்டும் என்பது நிஜம். ஆனால் 'கற்பனை' என்பது தப்பு.

வயிறு காலியாக இருக்கும்போது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு பெரிய அலை புறப்பட்டுக் குடலைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகும். ஆபீசில் பெருக்குகிற ஆயா மாதிரி. மேஜை காலியானால்தான் வருவாள். மணிக்கு ஒரு பஜ்ஜி உள்ளே போட்டால் துடைப்பத்தோடு திரும்பிப் போய்விடுவாள்.

இன்னொன்று. சாப்பிட்டவுடன் பெருங்குடல் விழித்துக்கொள்ளும். காலை நேரத்தில் கூடுதலாக. காபி குடித்தால் சில பேருக்கு நாலே நிமிஷத்தில் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கிறது என்று 1990-ல் இங்கிலாந்தில் அளந்தே பார்த்துவிட்டார்கள். நம் மாமாக்கள் ஒரு டம்ளர் ஃபில்டர் காபியும் பேப்பருமாக எத்தனையோ காலமாக நிரூபித்துவந்த விஷயம்.

கோளாறுகள் பல ரகம். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்களே இருக்காது. 1886-ல் டென்மார்க் டாக்டர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் விவரித்த வியாதி, ஆபரேஷன்தான் வழி. அபூர்வமாகச் சிலருக்கு எந்த அடைப்பும் இல்லாமலே குடல் அடைத்த மாதிரி ஸ்தம்பித்துவிடும். சிலருக்குப் பெருங்குடல் ஆமை வேகம். இருபத்துநாலு குட்டி வளையங்கள் உள்ள ஒரு கேப்ஸ்யூலை விழுங்கச் சொல்லி, ஐந்தாம் நாள் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே எத்தனை பாக்கி என்று எண்ணுவார்கள். ஐந்துக்கு மேல் பாக்கி இருந்தால் வேகம் குறைவு. சிலருக்குக் குடல் சரி, வாசல்தான் தகராறு: முக்கும்போது திறக்க வேண்டிய தசை மூடிக்கொள்ளும். இவர்கள் எத்தனை பேதி மருந்து குடித்தாலும் பிரயோஜனம் குறைவு. ஆசனவாயின் அழுத்தத்தை அளந்து, தசைக்குப் பயிற்சி கொடுத்தால் பலருக்குச் சரியாகிறது.

எனக்கு வந்தது இவை எதுவும் இல்லை. "உங்களுக்கு ஐ.பி.எஸ்.," என்றார் டாக்டர். 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்'. அந்தக் கல்யாண விருந்துக் கிருமி போகிறபோது குடல் நரம்புகளைச் சீண்டிவிட்டுப் போயிருக்கிறது. சிலருக்கு இப்படி ஆரம்பிப்பது உண்டாம். நான் ஐ.பி.எஸ். ஆக வேண்டும் என்பது அம்மாவின் சின்ன வயசுக் கனவு. தமிழில் எழுதினால் எழுத்து ஒன்றுதான். தொப்பியும் ஜீப்பும்தான் கிடையாது.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் இல்லை. கேள்விதான். உலகத்து வயிற்று டாக்டர்கள் கூடிப் பேசி வைத்திருக்கிற 'ரோம்' விதிகள், 2016-ல் திருத்தியபடி, இப்படிப் போகிறது: மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி. அந்த வலிக்கு வெளிக்குப் போவதோடு தொடர்பு, போகிற எண்ணிக்கையில் மாற்றம், போகிற பதத்தில் மாற்றம், இந்த மூன்றில் இரண்டு. ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

நான் ஒருவன்தானா? லக்னோ டாக்டர் உதய் சந்த் கோஷலும் மற்றவர்களும் இந்தியா முழுக்கப் பல ஊர்களில் கணக்கெடுத்து 2008-ல் வெளியிட்டார்கள். பொதுஜனத்தில் சுமார் நூற்றுக்கு நாலு பேர். ஐம்பது பேர் ஆபீசில் இரண்டு பேர். ஒருவர் நீங்கள் என்றால் இன்னொருவர் யார் என்று யோசித்துக்கொண்டிருங்கள்.

டாக்டர் கொடுத்த முதல் மருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. டே-புக்! வரவு: என்ன சாப்பிட்டேன், எப்போது. செலவு: எப்போது, எப்படி. 'எப்படி' என்பதற்கு பிரிஸ்டல் நகரத்து டாக்டர்கள் 1997-ல் வெளியிட்ட ஒரு படம் இருக்கிறது. ஆட்டுப் புழுக்கை முதல் ரசம் வரை ஏழு ரகம். நம்பர் போட்டால் போதும். பி.காம். படித்தது வீண் போகவில்லை.

இரண்டு வாரத்தில் நோட்டே சாட்சி சொன்னது. ராஜ்மா, கோதுமை, வெங்காயம், பூண்டு, கடைசியில் பால். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வகுத்த முறைப்படி இந்த ரகங்களை நாலு முதல் ஆறு வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது எதிரி என்று பார்க்க வேண்டும். வாழ்நாள் பத்தியம் இல்லை. சின்ன வெங்காய சாம்பார் இல்லாத ஆறு வாரத்தில் என் வீட்டில் நடந்த யுத்தம் தனிக் கட்டுரை.

குஜராத்திலிருந்து வருகிற இசப்கோல், ஒரு ஸ்பூனில் ஆரம்பித்து, நிறையத் தண்ணீரோடு. காலை டிபனுக்குப் பிறகு பத்து நிமிஷம், செல்போன் இல்லாமல் உட்கார வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு முக்காலி. நடை, நேரத்துக்குத் தூக்கம். முறுக்கு வலிக்கு ஒரு மாத்திரை. ராத்திரிக்கு மிகக் குறைந்த அளவில், மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரை. நான் விழித்ததைப் பார்த்து, "மூளைக்கும் குடலுக்கும் நடுவுல ஓடுற தந்தியைக் கொஞ்சம் நிதானப்படுத்தறதுக்கு" என்றார்.

"குணமாயிடுமா டாக்டர்?"

"அடங்கும். வருஷத்துல ரெண்டு மூணு தடவை எட்டிப் பார்க்கும். உயிருக்கு ஆபத்தில்லை."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, ஜுரம், ரத்தசோகை, ராத்திரி தூக்கத்துலேர்ந்து எழுப்பற வலி, நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல புதுசா ஆரம்பிக்கறது, குடும்பத்துல யாருக்காவது குடல் புற்றுநோய்... இதுல ஒண்ணு இருந்தாலும் இந்தப் பேரை ஒட்டிக்கிட்டு உட்காரக் கூடாது. உடனே வரணும்."

எனக்குத்தான் ஒன்றும் இல்லையே! பாதி லிஸ்ட்டிலேயே செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

நாலு மாதத்தில் நான் புது மனுஷன். பூங்கா பெஞ்சில் இப்போது ஆலோசனை சொல்கிறவன் நான். அப்போதுதான் மேற்கு மாம்பலத்திலிருந்து பெரியம்மா பிள்ளை போன் பண்ணினார். நாற்பத்திரண்டு வயது, தனியார் கம்பெனியில் வேலை. "வயித்துல ஒரே முறுக்கு வலிடா. சில நாள் போகுது, சில நாள் போகலை."

"அட, எனக்கு இருந்த அதே சமாச்சாரம்ண்ணா! ஐ.பி.எஸ்.! கவலையே படாதே."

அன்று சாயங்காலமே போய் என் பத்தியப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். கூடவே ஒரு இசப்கோல் பாக்கெட். அண்ணி கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொன்னாள். பெருமையாக இருந்தது.

தீபாவளிக்குப் போனேன். அண்ணன் புதுச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். சட்டை ஹேங்கரில் தொங்குகிற மாதிரி இருந்தது. என் கண் தானாகப் பெல்ட்டுக்குப் போனது. ஆணியால் புதிதாகப் போட்ட இரண்டு ஓட்டை. எனக்கு வெளிப்பக்கம் தளர்ந்த பெல்ட் அவருக்கு உள்பக்கம் இறுகியிருந்தது.

"என்னண்ணா, இப்படி இளைச்சுட்டே?"

"நீதானேடா வெங்காயத்திலேர்ந்து பால் வரைக்கும் நிறுத்தச் சொன்னே?" என்று சிரித்தார். "வலிதான் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி விடுது. சாயங்காலம் ஆனா லேசா ஜுரம். அதுவும் அந்த ஐ.பி.எஸ்.தானே?"

கையில் இருந்த மைசூர்பாகு அப்படியே இருந்தது. செருப்பைத் தேடிக்கொண்டே காதில் வாங்கிய லிஸ்ட் இப்போது வரிசையாக ஞாபகம் வந்தது.

மறுநாளே அடையாறு. அதற்கடுத்த நாள் ராத்திரி, உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பதற்காக அண்ணன் இரண்டு லிட்டர் உப்பு மருந்தைக் குடித்தார். நாலு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ் இருக்கிற ஸ்டோர் வீடு. பக்கத்துப் போர்ஷன்காரர்கள் முனகாமல் விட்டுக்கொடுத்தார்கள். நான் வாசலில் தண்ணீர் வாளியோடு நின்றேன். என்னால் முடிந்த பிராயச்சித்தம்.

சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் புண். துளி சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஆன ஐந்து நாளில் நான் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்பது கபாலிக்குத்தான் தெரியும்.

குடலில் டி.பி. நுரையீரலுக்கு மட்டுமல்ல, குடலுக்கும் வரும். நம் நாட்டில் சகஜம். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா குடல் அடைச்சுக்கிட்டு ஆபரேஷன்ல போய் நின்னிருக்கும்" என்றார் டாக்டர். ஆறு மாத மாத்திரை. அரசாங்கத்தின் டி.பி. திட்டத்தில் இலவசம்.

"நான்தான் டாக்டர் ஐ.பி.எஸ்.ன்னு..." என்று இழுத்தேன்.

அவர் திட்டவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சொல்ற வார்த்தை ஒண்ணுதான். ஆனா ஃபைல் வேற" என்றார்.

அண்ணியும் திட்டவில்லை. வெளியே காரிடாரில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றி, முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள். இரண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம், தொண்ணூற்றைந்தாவது. பத்துக் குறளில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. பாதிக்கு மேல், சாப்பிட்டது செரித்த பிறகு அளவாகச் சாப்பிடு என்பதுதான். என் பத்தியப் பட்டியலுக்கு வள்ளுவரே ஆதரவு என்று பூங்காவில் அடிக்கடி சொல்லுவேன். ஆனால் அதே அதிகாரத்தில், வியாதி எது, அது எதனால் வந்தது என்று முதலில் பார்க்கச் சொல்கிற குறளும் இருக்கிறது. நான் அதற்கு முன் குறளோடு புத்தகத்தை மூடிவிட்டவன்.

இப்போது பூங்காவில் யாராவது வயிற்றைத் தடவினால் பெயர் வைப்பதில்லை. "எடை குறைஞ்சுதா? ரத்தம் வருதா? ராத்திரி எழுப்புதா?" என்று மூன்று கேள்வி. பதில் எதுவானாலும், "டாக்டர்கிட்ட போங்க. கூச்சமா இருந்தா நான் கூட வரேன்."

அண்ணன் ஆறு மாதக் கோர்ஸை முடித்துவிட்டார். பெல்ட்டில் ஆணியால் போட்ட ஓட்டைகள் இரண்டும் இப்போது சும்மா இருக்கின்றன. தினம் காலை ஏழரைக்கு நான் போன் போடுவேன்.

"ஆச்சாண்ணா?"

"ஆச்சுடா. உனக்கு?"

"ஆச்சு."

"சரி, வை."

மொத்தம் பத்து செகண்ட். இதற்கு ஏன் தினம் போன் என்று அம்மாவுக்குப் புரிவதில்லை.